முப்பத்தொன்றாம் கேள்வி

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதல்ல தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பேன் மேடம். தாகமா இருக்கணும்னு இல்ல. சர்வேக்கு வந்திருக்கேன்னு வாசல்ல நின்னு சொன்னா கதவைப் பாதிதான் திறப்பாங்க. கொஞ்சம் தண்ணி குடுங்கம்மான்னு கேட்டா உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. அப்புறம் எத்தனை கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாங்க. புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கிற முதல் விஷயமே இதுதான். நீங்க குடுத்த தண்ணியையும் குடிச்சிட்டேன். விசாரணையை போன்ல பதிவு பண்றதுன்னா பண்ணிக்கோங்க, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. நடுவுல குறுக்கிடாம கேட்டீங்கன்னா வரிசையாச் சொல்லிடுவேன்.

பேரு ரெஜினா. வயசு நாப்பத்தாறு. திருவொற்றியூர் தேரடி பக்கம் வீடு. சொந்த ஊரு திசையன்விளைப் பக்கம். எங்க அப்பா ஞானதுரை அங்கேருந்து வந்து தேரடியில அரிசிக் கடை வச்சிருந்தார். அவரும் போய்ட்டார், கடையும் இல்ல. கல்யாணம் பண்ணிக்கல. எப்படியும் கேப்பீங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன். பத்தொம்பது வருஷமா சர்வே வேலை பார்க்கிறேன். கொசு சர்வே, ரத்தசோகை சர்வே, கக்கூஸ் இருக்கா இல்லையான்னு ஒரு சர்வே, எல்லாம் பார்த்தாச்சு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட போகாத வீட்டுக்குப் போனேன்னு எழுதினதில்ல. நிறைய பேர் டீக்கடையில உக்காந்து பத்து வீட்டை முடிப்பாங்க. அவங்களைக் கண்டா எனக்கு எரிச்சலா வரும். வேலைன்னா வீடு வீடாப் போகணும்.

நீங்க கேக்குற சர்வே போன தை முடிஞ்சு ஆரம்பிச்சது. விவசாயம் பண்ற குடும்பங்க வீட்டுக்குள்ள என்னென்ன ரசாயனத்துக்கு ஆளாகுறாங்க, அதனால உடம்புக்கு என்ன ஆபத்துன்னு கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் நடத்துச்சு. மெட்ராஸ்ல ஏது விவசாயம்னு எங்க தம்பி கூடச் சிரிச்சான். மாதவரத்துல லாரி நிக்கிற இடத்துக்குப் பின்னால போய்ப் பார்த்தா தெரியும். ரெண்டு குடோனுக்கு நடுவுல பாத்தி பாத்தியா சிறுகீரையும் அரைக்கீரையும் நிக்கும். நிலம் வேற யாருடையதோ. பயிர் வைக்கிறவங்க பெரும்பாலும் வியாசர்பாடி, புளியந்தோப்புலேருந்து வந்த குடும்பங்க. நிலத்து ஓரத்துலயே ஷீட் போட்ட ஒரே ரூம். அடுப்பும் அதுக்குள்ள, பாயும் அதுக்குள்ள, மருந்து டப்பாவும் அதுக்குள்ள. அஞ்சு நாளைக்கு ஒரு தடவை மருந்து அடிச்சாகணும். இல்லாட்டி இலையில ஓட்டை விழும். ஓட்டை விழுந்த கீரையை நீங்களும் வாங்க மாட்டீங்க, நானும் வாங்க மாட்டேன்.

கேள்வியெல்லாம் கையில குடுத்த டேப்லெட்டுல இருக்கும், டேப்னுதான் சொல்லுவோம். நாம போய் நிக்கிற இடத்தை அதுவே குறிச்சுக்கும், நேரத்தையும் குறிச்சுக்கும். மொத்தம் அறுபத்திரண்டு கேள்வி. வீட்டுல யாரு யாரு, என்ன படிப்பு, அடுப்பு எது, தண்ணி எங்கேருந்து வருது, இப்படிப் போகும். முப்பத்தொண்ணாவது கேள்விதான் முக்கியமானதுன்னு முதல் நாள் கிளாஸ்லயே சர்வேயை நடத்துற டாக்டரம்மா சொன்னாங்க. பயிருக்கு அடிக்கிற மருந்தை வீட்டுல வேற எதுக்காவது உபயோகிக்கிறீங்களா? மூட்டைப்பூச்சிக்கு, எலிக்கு, பேனுக்கு, இந்த மாதிரி. இதுதான் கேள்வி. 'இல்லை'யைத் தொட்டா அடுத்த பக்கம் வந்துடும். 'ஆம்' தொட்டா உள்ளேருந்து இன்னும் பதினாலு கேள்வி திறக்கும். எந்த மருந்து, எவ்வளவு, யார் மேல, எத்தனை நாளா, டப்பாவை போட்டோ எடு, அப்படின்னு. முக்கால் மணி நேரம் கூட ஆகும். அது முடிஞ்சதும் டாக்டரம்மாவுக்குத் தகவல் போகும். ரெண்டு நாள்ல அவங்க வண்டி அந்த வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பாங்க, பக்குவம் சொல்லுவாங்க.

அந்தக் கேள்வியை நான் எப்படிக் கேப்பேன்னா, "வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டுல வேற எதுக்கும் எடுக்கிறதில்லதானேம்மா?" அவ்வளவுதான். கேக்கும்போதே விரல் 'இல்லை' மேல இருக்கும். முக்கால்வாசிப் பேர் தலையாட்டிடுவாங்க. யோசிக்கிறவங்களைப் பார்த்துச் சிரிச்சா அவங்களும் ஆட்டிடுவாங்க. இதுல பொய் எங்க இருக்கு சொல்லுங்க. கேட்டேன், பதில் வந்தது, போட்டேன். எங்க அப்பா கடையில சாவகாசமான நேரத்துல, வேற என்ன வேணும்னு கேப்பார். ஆளுங்க நின்னு யோசிச்சு இன்னும் ரெண்டு சாமான் கட்டச் சொல்லுவாங்க. கூட்டம் இருந்தா, அவ்வளவுதானேன்னு கேப்பார். பையைத் தூக்கிட்டுப் போய்டுவாங்க. சின்ன வயசுல அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து இதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

ஏன் அப்படிக் கேட்டேன்னு நீங்க கேக்கலாம். அந்த ஜனங்க நல்லதுக்குத்தான் மேடம். பதினொரு வருஷம் முன்னாடி மீஞ்சூர்ப் பக்கம் இதே மாதிரி ஒரு சர்வே. ராஜாத்தின்னு ஒரு பொம்பளை, கத்தரிக்காய் போடுறவங்க, மருந்து வந்த கேன்லயே தண்ணி பிடிச்சு வச்சிருந்தாங்க. உள்ளது உள்ளபடி எழுதினேன். வண்டி வந்தது, ஊரே கூடிடுச்சு. நிலத்துக்காரருக்கு விஷயம் போய், என் நிலத்துக்குக் கெட்ட பேரு வேண்டாம்னு அடுத்த போகத்துக்கு அவங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டார். ராஜாத்தி என்னை ஸ்டேஷன் வாசல்ல வச்சுப் பார்த்துட்டு, இன்னாத்துக்குக்கா எயுதினன்னு கேட்டாங்க. திட்டல. கேட்டாங்க, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துடுச்சு. அன்னியோட முடிவு பண்ணேன், இனிமே ஏழைபாழைங்க வீட்டுக்கு வண்டி வர வைக்கிற பாவம் எனக்கு வேண்டாம்னு. கிளாஸ்ல இந்தக் கதையைச் சொன்னா பொண்ணுங்க கண்ணு கலங்கிடும்.

கதை நிஜம்தான். ஆனா இன்னிக்கு வரிசையாச் சொல்றேன்னு சொல்லிட்டேன். ராஜாத்திக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நான் அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். ராஜாத்தி வீட்டுல மேலதிகாரி ஒருத்தர் கூட வந்திருந்தார், அதனால முழுசா எழுத வேண்டியதாப் போச்சு.

இந்த சர்வேல மாதவரம், மணலிப் பக்கம் முழுக்க எனக்கு, நானூத்திப் பன்னெண்டு வீடு. ஒரு நாளைக்கு ஒன்பது வீடு முடிக்கணும். சூப்பர்வைசர் ஒரு தம்பி, பேரு அஜின், நாகர்கோவில்காரன், ரொம்ப மரியாதையான பிள்ளை. அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவான். மத்தவங்க அஞ்சு வீட்டோட நிப்பாங்க, நான் ஒன்பதை முடிச்சிட்டு அஞ்சரை மணி பஸ்ஸுக்குத் திருவொற்றியூர் வந்துடுவேன். என் டேட்டாதான் சுத்தமா இருக்குன்னு அஜின் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொன்னான். ஒண்ணுமே இல்லாட்டி சந்தேகம் வரும்னு மூணு வீட்டுக்கு 'ஆம்' போட்டேன். மூணும் ரோட்டு மேல இருக்கிற வீடு. டாக்டரம்மா வண்டி திருப்பக் கஷ்டப்படக் கூடாது.

இனி செங்கொடி வீட்டுக்கு வரேன். மார்ச் பதினாறாம் தேதி, மத்தியானம் ரெண்டே கால். அன்னிக்கு ஏழாவது வீடு. செங்கொடிக்கு முப்பது வயசு இருக்கும். வீட்டுக்காரர் பொன்னுரங்கம் லோடு ஆட்டோ வச்சுக்கிட்டு கீரையைக் கடைகளுக்குப் போடுறவர், அப்ப வீட்டுல இல்ல. ரெண்டு பொண்ணு. பெரியவ ரமாபாய், எட்டு வயசு, மூணாவது படிச்சா. சின்னவளுக்கு மூணு வயசு. பள்ளிக்கூட நாள்ல பெரியவ ஏன் வீட்டுல இருக்கான்னு நான் கேக்கல. அது கேள்வியில இல்ல. பாயில சுருண்டு படுத்திருந்தா. தலையில ஒரு பழைய துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. நல்ல நீளமான முடி போல, துண்டுக்குக் கீழ பின்னல் தொங்குச்சு.

தண்ணி குடுத்தாங்க, குடிச்சேன். முப்பது கேள்வி முடிஞ்சது. முப்பத்தொண்ணை நான் எப்பவும் கேக்குற மாதிரி கேட்டேன். செங்கொடி தலையாட்டல. பாய்ப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னா. அந்த ஆடியோவைத்தான் நீங்க கேட்டிருக்கீங்க. டேப் தானாவே அங்கங்க நம்ம பேச்சைப் பதிவு பண்ணும். எந்தக் கேள்வியிலன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. அந்த வீட்டுல அது முப்பத்தொண்ணுல விழுந்திருக்கு.

"பாப்பா தலையில பேன் கீதுன்னு டீச்சரு வூட்டுக்கு அனுப்பிட்ச்சிக்கா. கலீஜா கீது, மொட்டை போட்டு இட்டாங்கன்னு சொல்லிட்ச்சி. எனுக்கு மன்சு வர்ல. அத்தான் கீரைக்கு அடிக்கிற மருந்த தலையில தட்வி துணி கட்டி உட்டேன். பேனு போச்சு. ஆனா அப்பால பாப்பா சோந்து சோந்து பட்த்துக்குது. வாயில எச்சியா ஊத்துது. மருந்தால எதனா ஆவுமாக்கா? நீ படிச்சவ, சொல்லு."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ரெண்டு வீடு பாக்கி. "அதெல்லாம் வெயில்ல அப்படித்தான்மா இருக்கும், மோர் குடு" அப்படின்னேன். 'இல்லை'யைத் தொட்டேன். முப்பத்திரண்டாவது கேள்வி, வீட்டுல மூட்டைப்பூச்சி இருக்கா.

உங்களுக்கு அந்த ஆடியோவைக் கேட்டு கோபம் வந்திருக்கும். ஆபீஸ்ல அதைப் போட்டுக் காட்டினப்ப எனக்கு ஒண்ணும் தோணல. என் குரல் நல்லாத்தான் இருந்தது, அவசரமே இல்லாம. மோர் குடுன்னு சொன்னது அக்கறையாத்தான் கேக்குது.

மே மாசம் மறு ஆய்வு வந்தது. பத்து வீட்டுக்கு ஒரு வீடு கணக்குல சூப்பர்வைசரே திரும்பப் போய் அதே கேள்விகளைக் கேப்பார். பதில் ஒத்துப் போகணும். எந்தெந்த வீடுன்னு நமக்குச் சொல்லக் கூடாது. அஜின் சொல்லிட்டான், அக்கா மேல அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. லிஸ்ட்ல செங்கொடி வீடு இருந்தது. மத்த வீடுங்களைப் பத்தி நான் கவலைப்படல, அவங்க மறுபடியும் தலையாட்டுவாங்க. இவ பேசுறவ.

அஜின் போறதுக்கு முதல் நாள் காலையில நான் அங்க போனேன். கீரைக்கட்டு கட்டிக்கிட்டிருந்தா. கூட உக்காந்து நானும் நாலு கட்டு கட்டினேன். நாளைக்கு ஒரு சார் வருவார், மருந்து வீட்டுல வேற எதுக்காவது எடுக்கிறீங்களான்னு கேப்பார், இல்லன்னு சொல்லிடுன்னேன். ஏன்க்கான்னா. ஆமான்னு சொன்னா வண்டி வரும், நிலத்துக்காரருக்குத் தெரியும், நிலத்தைப் பிடுங்கிப்பாரு, குழந்தை மேல விஷத்தைத் தடவினேன்னு குழந்தையையும் ஹோமுக்கு எடுத்துட்டுப் போனாலும் போவாங்கன்னு சொன்னேன். எடுத்துட்டுப் போவாங்கன்னு சொல்லல, போனாலும் போவாங்கன்னுதான் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. சின்னவளை இழுத்து மடியில வச்சுக்கிட்டா. யார் கேட்டாலும் இதையே சொல்லணுமாக்கான்னு கேட்டா. யார் கேட்டாலும்னு சொன்னேன். விஷம்னு நான் சொன்னதை அவ எப்படி எடுத்துக்கிட்டாளோ தெரியல. அடுத்தவங்க அப்படிச் சொல்லுவாங்கன்னு எடுத்திருப்பா போல. தடவாதேன்னு நான் சொல்லல இல்லையா, அதனால அவளுக்கு அது சரின்னு பட்டிருக்கும்.

மறுநாள் அஜின் போனான். ஒத்துப் போச்சு. சாயங்காலம் போன் பண்ணி, அக்கா உங்க வீடெல்லாம் நூத்துக்கு நூறுன்னான். பசங்களுக்குச் சொல்ற மாதிரி ரொம்ப சந்தோஷமாச் சொன்னான். எனக்கும் சந்தோஷமா இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வழியில கால் கிலோ மிக்சர் வாங்கிட்டுப் போய் டிவி பார்த்துக்கிட்டே சாப்பிட்டேன்.

ஜூன் மாசம் அறிக்கை வந்தது. மாதவரம், மணலிப் பக்கத்துக் கீரை போடுற வீடுகள்ல மருந்தை வீட்டு உபயோகத்துக்கு எடுக்கிற பழக்கம் அனேகமா இல்லன்னு எழுதியிருந்தாங்க. அதனால டாக்டரம்மா வண்டியை வேற மாவட்டத்துக்கு அனுப்பிட்டாங்க. டாக்டரம்மா போகும்போது என் கையைப் பிடிச்சு, ரெஜினா நான் இங்க நிறைய கேஸ் வரும்னு பயந்துக்கிட்டிருந்தேன், நல்லவேளைன்னு சொன்னாங்க. என்னைத் தலைமைப் பயிற்சியாளராப் போடணும்னு அஜின் எழுதி அனுப்பியிருந்தான். தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சொல்லிக் குடுக்கிற வேலை. இத்தனை வருஷத்துல முதல் தடவையா எனக்கு நாற்காலியும் மைக்கும் குடுக்கிற வேலை. அது எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குப் புரியாது. நீங்க முதல்லேருந்தே நாற்காலியில உக்காந்தவங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

இதுக்கு மேல சொல்லப் போறது உங்ககிட்ட இல்ல. ஆடியோவுலயும் இல்ல, நிறுவனம் குடுத்த புகார்லயும் இல்ல. நான் சொல்லாட்டி நீங்க கேக்கவும் மாட்டீங்க. ஆனா பாதியில நிறுத்தின சர்வே ஃபாரத்தை நான் என்னிக்கும் அனுப்பினதில்ல.

ஜூலை ஒன்பதாம் தேதி, காலையில பதினொன்றரை மணி. திருவொற்றியூர்ல ஒரு கல்யாண மண்டபத்து மாடியில, இதே சர்வேக்கு அடுத்த மாவட்டத்துக்குப் போற புதுப் பொண்ணுங்க இருபத்திரண்டு பேருக்குக் கிளாஸ். முப்பத்தொண்ணாவது கேள்விக்கு வந்திருந்தேன். எப்படிக் கேட்டா வேலை சீக்கிரம் முடியும்னு சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன். போன் அடிச்சது, கட் பண்ணேன். திரும்ப அடிச்சது. மூணாவது தடவை வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். கீரை கட்டின அன்னிக்கு என் நம்பரை வாங்கி வச்சிருந்தவ, செங்கொடி.

"அக்கா, ரமாக்கு கையி காலெல்லாம் இஸ்த்துகினு கீதுக்கா. ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டோம். டாக்டரு எதனா மருந்து கிருந்து பட்டுச்சான்னு கேட்டுக்கினே கீறாரு. நேத்து தட்வுனேன்க்கா. இஸ்கூலு தொறந்ததுலேந்து மூணு வாட்டி தட்விட்டேன். இன்னாக்கா சொல்றது? சொல்ட்டா எட்த்துகினு பூடுவாங்களா?"

முதல் நாள் கிளாஸ்ல டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. மருந்து பட்டதுன்னு தெரிஞ்சா அதுக்கு மாத்து ஊசி இருக்கு, நேரத்துக்குப் போட்டா குழந்தைங்க பொழைச்சுக்கும், தெரியாட்டித்தான் கஷ்டம்னு சொல்லியிருந்தாங்க. நல்லா ஞாபகம் இருந்தது, அவங்க நின்ன இடம் கூட ஞாபகம் இருந்தது. இன்னொரு பக்கம், இவ சொன்னா ஆஸ்பத்திரியில எழுதுவாங்க. சர்வே வீடுன்னா தகவல் நிறுவனத்துக்குப் போகும். அந்த வீட்டுக்கு நான் 'இல்லை' போட்டிருக்கேன், அஜினும் 'இல்லை' போட்டிருக்கான். அதை நோண்டினா நானூத்திப் பன்னெண்டு வீட்டையும் நோண்டுவாங்க. உள்ள இருபத்திரண்டு பேர் எனக்காக உக்காந்திருந்தாங்க. ஒரு பொண்ணு கதவுக்கிட்ட வந்து மேடம்னு கூப்பிட்டா. என்னை மேடம்னு கூப்பிட்டா.

"சார்கிட்ட என்ன சொன்னியோ அதையே சொல்லும்மா. மாத்திச் சொன்னா குழப்பமாயிடும்" அப்படின்னேன்.

"சரிக்கா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒரே பேஜாரா கீதுக்கா, அத்தான் போன் போட்டேன்."

வச்சுட்டா. மொத்தம் நாப்பத்தொரு செகண்டு, போன்ல இருக்கு, நீங்க எடுத்துப் பார்த்துக்கலாம். உள்ள போய் விட்ட இடத்துலேருந்து கிளாஸ் எடுத்தேன். மத்தியானம் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும். சாப்பிட்டேன்.

டாக்டருங்க அவங்களால முடிஞ்சதைப் பார்த்திருக்காங்க. தாய் திரும்பத் திரும்ப இல்ல இல்லன்னு சொல்றப்ப அவங்க என்ன பண்ணுவாங்க. மூளைக்காய்ச்சல்னு நினைச்சு அதுக்கு வைத்தியம் பண்ணியிருக்காங்க. பதினொண்ணாம் தேதி சாயங்காலம் ரமாபாய் செத்துப் போச்சு.

நான் சாவுக்குப் போனேன். பூ வாங்கிட்டுப் போனேன். பள்ளிக்கூடத்துலேருந்து டீச்சரும் வந்திருந்தாங்க, ரொம்ப அழுதாங்க, பேனுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டேனேன்னு புலம்பிக்கிட்டே இருந்தாங்க. யாரும் அவங்களை ஒண்ணும் சொல்லவே இல்ல. பொன்னுரங்கம் ஆட்டோவுல சாய்ஞ்சு நின்னாரு. என்னைப் பார்த்துட்டு, வெயில்ல வந்திருக்கீங்களேக்கான்னு யாரோ ஒருத்தர்கிட்ட சொல்லி டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு. எனக்கு அப்பதான் மனசு கஷ்டமா இருந்தது. டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

இந்த சர்வேல ஒரு இறப்பு ஃபாரமும் இருக்கு. ஆய்வு நடந்த வீட்டுல யாராவது இறந்தா, ஒரு மாசத்துக்குள்ள போய் வீட்டுக்காரங்களைக் கேட்டு எழுதணும். அதுக்கு வேற யாரையாவது அனுப்பறேன்னு அஜின் சொன்னான். வேண்டாம் தம்பி, தெரிஞ்ச வீடு, நானே போறேன்னேன். ஆகஸ்ட் ரெண்டாம் தேதி போனேன். கடைசி ஒரு வாரத்துல உடம்புல பூச்சி மருந்து பட்டதான்னு அதுலயும் ஒரு கேள்வி இருக்கு. இந்தத் தடவை நான் கேக்கவே இல்ல. நானே 'இல்லை' போட்டுட்டேன். போகாத வீட்டுக்குப் போனேன்னு எழுதினதில்லன்னு முதல்ல சொன்னேன், அது இப்பவும் உண்மைதான். போனேன், உக்காந்தேன். கேக்கல, அவ்வளவுதான். அந்த ஃபாரத்தை அனுப்பினப்புறம்தான் ஆபீஸ்ல அந்த வீட்டு ஃபைலை எடுத்து ஆடியோவைக் கேட்டிருக்காங்க. குழந்தை இறந்த வீடுன்னா கேப்பாங்களாம். எனக்கு அது தெரியாது.

அன்னிக்கு செங்கொடி என்னை லாரி நிக்கிற இடம் வரைக்கும் கொண்டு வந்து விட்டா. எடை குறைஞ்சு போயிருந்தா. சின்னவளை இடுப்புல வச்சிருந்தா. நீ சொன்ன மாதிரியே சொன்னேன்க்கா, யார்கிட்டயும் மாத்திச் சொல்லல, எத்தினி தபா கேட்டாங்க தெரியுமான்னு சொன்னா. நான் அவ தோள்ல கை வச்சேன். அப்புறம், அந்த மருந்தால எதனா ஆயிருக்குமாக்கான்னு கேட்டா. மெதுவாத்தான் கேட்டா. மூளைக்காய்ச்சல்னு டாக்டர் எழுதியிருக்காரும்மா, டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னேன். அவளுக்கு மூச்சு வந்த மாதிரி ஆயிடுச்சு. அந்த நிம்மதியை நான் குடுத்தேன் மேடம், அதையும் எழுதிக்கோங்க. எவ்வளவு நாளா அதை மனசுல வச்சுக்கிட்டுப் புழுங்கினாளோ.

பஸ் வந்துடுச்சு. ஏறப் போகும்போது என் புடவைத் தலைப்பைப் பிடிச்சு நிறுத்தினா.

"சின்னதுக்கும் தலையில ஏறிக்கிச்சுக்கா. ராவெல்லாம் சொறிஞ்சிகினு தூங்கவே மாட்டேங்குது. அத்தயே தட்வவாக்கா?"

குழந்தை என்னைப் பார்த்துச் சிரிச்சுது. மூணு வயசுதான், தலை நிறைய சுருட்டை முடி. உன் இஷ்டம்மான்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டேன்.

எங்க எழுந்துட்டீங்க. ஆள் அனுப்பறதுன்னா அனுப்புங்க, நான் தடுக்கல. லாரி ஸ்டாண்டுல இறங்கி பொன்னுரங்கம் லோடு ஆட்டோன்னு கேட்டா காட்டுவாங்க. ஆனா அந்த நேரத்துல நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும்னு நீங்களும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க மேடம். தடவாதேன்னு சொன்னா, அப்ப ரமாவுக்கு மட்டும் ஏன்க்கா சொல்லலன்னு அவ கேட்டிருப்பா இல்ல.